எச்சில் விழுங்க முடிகிறதா? பல் அவசரத்தைக் கண்டுகொள்வது எப்படி

கோவில்பட்டியில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். டோக்கன் போடுவது, கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்து எடுப்பது, டாக்டரம்மா பக்கத்தில் நின்று சக்‌ஷன் பிடிப்பது எல்லாம் என் வேலைதான். கிளினிக் பூட்டிய பிறகு வருகிற போன்களும் என் செல்லுக்குத்தான் திரும்பும். "சிஸ்டர், பல்லு வலி உசிரு போகுது, டாக்டர் இருக்காங்களா?" என்றுதான் முக்கால்வாசிப் பேர் ஆரம்பிப்பார்கள். வலி எப்படி இருக்கிறது என்று நான் உடனே கேட்பதில்லை. "எச்சில் விழுங்க முடியுதா?" என்பதுதான் என் முதல் கேள்வி. சிலருக்குக் கோபம்கூட வரும். நான் வலி என்கிறேன், இந்தப் பிள்ளை எச்சிலைப் பற்றிக் கேட்கிறதே என்று.

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வரிசை அது. பல் விஷயத்தில் வலியின் அளவை வைத்து ஆபத்தை எடை போட முடியாது. ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் தலையணையில் புரள வைக்கிற நரம்பு வலிக்காரர், மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் வந்தால் போதும். "வலி இப்ப பரவால்ல சிஸ்டர், வீக்கம்தான் கழுத்துப் பக்கம் எறங்கிருக்கு" என்று நிதானமாகப் பேசுகிறவரைத்தான் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது பல் தொந்தரவு என்றால், மாத்திரை டப்பாவைத் திறப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள். எச்சிலை வலியில்லாமல் விழுங்க முடிகிறதா, இல்லை வாயோரம் வழிகிறதா? மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா? பேச்சு குழறி, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறதா? நாக்குக்கு அடியில் வீங்கி, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்புறம் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு அவரவர் விரல் மூன்று நுழையும். நேற்று வரை மூன்று நுழைந்த வாயில் இன்று ஒன்றுகூட நுழையவில்லை, கூடவே வீக்கமும் இருக்கிறது என்றால் சீழ் தாடைத் தசைப் பக்கம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், தூக்கிய நாக்கு, குரல் மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்கைத் தேட வேண்டாம். 108. இல்லையென்றால் கையில் இருக்கிற வண்டியில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. "அங்க ராத்திரியில பல் டாக்டர் இருப்பாரா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் தேவைப்படுவது மூச்சுக்குழாயைக் காப்பாற்றத் தெரிந்த மயக்க மருந்து டாக்டரும் கழுத்தைத் திறந்து சீழை வடிக்கிற சர்ஜனும்தான். பல்லை யார் பிடுங்குவது என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கீழ்த்தாடை வீக்கம்

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கீழ்ப் பக்கத்துக் கடைசிக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் தாடைக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். வாயின் அடித்தளமாக இருக்கிற தசை தாடையில் ஒட்டுகிற கோட்டுக்கும் கீழே அந்த வேர்களின் நுனி இருக்கும். அதனால் அங்கே சீழ் பிடித்தால் வாய்க்குள் கொப்புளமாக வராமல் தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் இறங்குவதற்கு வழி இருக்கிறது. அங்கே இறங்கிவிட்டால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தடுப்பு ஒன்றும் பெரிதாகக் கிடையாது. இரண்டு பக்கமும் பரவி, நாக்கை மேலேயும் பின்னாலேயும் தள்ளும். பின்னால் இருப்பது மூச்சுப் பாதை. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபான் லுட்விக் என்ற டாக்டர் 1836-இல் இதை விவரித்து எழுதினார். இன்றைக்கும் லுட்விக் ஆஞ்சைனா என்றுதான் சொல்கிறார்கள். நெஞ்சு வலியைச் சொல்கிற இதய ஆஞ்சைனாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு அண்ணாச்சி ஒருநாள் சாயங்காலம் வந்தார். வாயில் துண்டை வைத்துக்கொண்டே படியேறினார். துண்டு நனைந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர் சாயவே இல்லை. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி முன்பக்கமாகக் குனிந்தபடியே இருந்தார். பேர் கேட்டேன். சொன்னது புரியவில்லை. அவர் வீட்டம்மாதான் பேசினார்: "நாலு நாளா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டாக. வலி கொறஞ்சிருச்சு, வீக்கந்தான் போக மாட்டேங்கு."

டாக்டரம்மா வெளியே வந்து அவர் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். சாதாரண வீக்கம் என்றால் விரல் கொஞ்சமாவது அமுங்கும். இது பலகை மாதிரி இருந்தது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அடுத்த முறை போனில் யாராவது சொன்னால் எனக்குப் பிடிபட வேண்டும் என்று. அவரைச் சேரில் சாய்க்கவே இல்லை. சாய்த்தால் நாக்கு பின்னால் விழுந்து மூச்சு அடைத்துவிடும். குனிந்து உட்கார்ந்திருந்ததே அவர் உடம்பு தானாகத் தேடிக்கொண்ட வழி. 108 வந்ததும் உட்கார்ந்த நிலையிலேயே ஏற்றி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே பார்த்தபோதுதான் அவருக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்ததாம். கழுத்தில் இரண்டு இடத்தில் கீறி டியூப் வைத்துச் சீழை வடித்து, பல்லை எடுத்து, பிழைக்க வைத்து அனுப்பினார்கள்.

அந்த வீட்டம்மா சொன்ன 'வலி குறைந்துவிட்டது' என்பதை நான் போனில் நிறையக் கேட்கிறேன். எலும்புக்குள் அடைபட்டிருக்கிற வரை சீழ் குத்தும். எலும்பை ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டால் அழுத்தம் குறைந்து வலியும் குறையும். நோய் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதே மாதிரி, ஒரு வாரம் துடிக்க வைத்த பல் ஒருநாள் காலையில் சட்டென்று அமைதியானால் உள்ளே நரம்பு செத்திருக்க வாய்ப்பு அதிகம். சந்தோஷப்பட்டு அப்பாயின்ட்மென்டைக் கேன்சல் செய்கிறவர்கள் சில வாரமோ மாதமோ கழித்து வீங்கிய முகத்தோடு வருவார்கள்.

மேல் பற்களில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. கோரைப் பல்லிலிருந்து கிளம்புகிற வீக்கம் மூக்கோரம் ஏறிக் கண் வரை போகும். கீழ் இமை உப்பி, கண் திறக்க முடியாமல் போனால் அன்றே ஆஸ்பத்திரி. அந்தப் பகுதியின் ரத்தக் குழாய்களுக்கு மண்டைக்குள் இருக்கிற குழாய்களோடு தொடர்பு இருக்கிறது. கண் வீக்கத்தோடு கடுமையான தலைவலி, பார்வை இரண்டாகத் தெரிவது, குளிர் காய்ச்சல், தூங்கித் தூங்கி விழுவது இருந்தால் காலை வரை பார்க்கவே கூடாது.

எல்லா வீக்கமும் இப்படி இல்லை. ஈறில் சின்னக் கொப்புளம் கிளம்பி, அவ்வப்போது உப்புக் கரிக்கச் சீழ் வடிந்தால் அது காலையில் காட்டலாம். கன்னம் மட்டும் மெத்தென்று வீங்கி, காய்ச்சல் இல்லாமல், வாய் நன்றாகத் திறந்து, விழுங்க முடிந்தால் விடிந்ததும் முதல் ஆளாக வரலாம். அந்த இடைப்பட்ட இரவில் ஒரு காரியம் செய்யுங்கள். வீக்கத்தின் ஓரத்தைப் பால்பாயின்ட் பேனாவால் முகத்திலேயே கோடு போட்டு, நேரத்தையும் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தால், குறிப்பாகத் தாடைக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், காத்திருப்பதை விட்டுவிட்டுக் கிளம்பலாம்.

சர்க்கரைக்காரர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கீமோ எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சின்னப் பிள்ளைகள் இவர்களுக்கெல்லாம் நான் மேலே சொன்னதில் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். மற்றவருக்குக் 'காலையில்' என்றால் இவர்களுக்கு 'இன்றைக்கே'. பிள்ளைகள் விஷயத்தில் காய்ச்சலோடு முகம் வீங்கி, தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் அதுவே போதும், கிளம்புங்கள். கர்ப்பிணிகளும் "பிள்ள பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று சீழை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. கர்ப்பத்திலும் பல் சிகிச்சை செய்யலாம்; எத்தனையாவது மாதம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

வீக்கத்துக்கு வெளியில் ஒத்தடம் கேட்பார்கள். சூட்டு ஒத்தடம் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிஷம் வைத்துப் பத்து நிமிஷம் எடுத்துவிடலாம். ஊசியால் குத்திச் சீழ் எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

விழுந்த பல்

எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைப் பிடிக்காத பையன் குறைவு. அதனால் பல் விழுந்த போன்களும் எங்களுக்குக் கொஞ்சம் அதிகம். இதில் மணிக்கணக்கு கிடையாது, நிமிஷக் கணக்குத்தான். பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் உயிருள்ள செல்கள் இருக்கிற வரைதான் பல் மறுபடி எலும்போடு சரியாகச் சேரும். காற்றில் காய்ந்து கிடந்தால் அரை மணி நேரத்திலேயே சேதம் ஏறிவிடும். ஒரு மணி நேரத்தில் அனேகமாக எல்லாம் செத்துவிடும்.

முதலில் ஆளைப் பாருங்கள். மயங்கினானா, வாந்தி எடுக்கிறானா, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பேசுகிறானா? ஆமாம் என்றால் தலைக்காயம், 108, பல் இரண்டாம் பட்சம். அதெல்லாம் இல்லையென்றால் பல்லைத் தேடுங்கள்.

வெள்ளையாக இருக்கிற, வாயில் வெளியே தெரிகிற பாகத்தைப் பிடித்து எடுங்கள். வேரில் விரல் படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, சலைனிலோ, ஒன்றும் இல்லாவிட்டால் பைப் தண்ணீரிலோ ஒரு பத்து விநாடி அலசினால் போதும். சட்டையில் துடைப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, டெட்டால் ஊற்றுவது எதுவும் கூடாது. தேய்க்கிறபோது அழுக்கோடு அந்தச் சவ்வும் போய்விடும்.

அப்புறம் அதே இடத்தில் திரும்பச் செருகுங்கள். இதைப் போனில் சொன்னால் எதிர்ப்பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. பயப்பட வேண்டாம். குழிந்த பக்கம் நாக்கைப் பார்க்க வேண்டும், புடைத்த பக்கம் உதட்டைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மெதுவாக விரலால் அழுத்தினால் உள்ளே போகும். சுத்தமான கைக்குட்டையை மடித்து அதன்மேல் கடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

செருக முடியவில்லை, பையன் விடமாட்டேன் என்கிறான் என்றால் பாலில் போடுங்கள். ஆவின் பாக்கெட் பால் நல்லது, குளிர்ந்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் டீக்கடையில் போய்ப் 'பால் கொடுங்க' என்றால் அடுப்பில் கொதிக்கிறதைத்தான் டம்ளரில் ஊற்றுவார்கள். வெட்டாத பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். பால் இல்லையென்றால் அடிபட்டவரின் எச்சிலையே ஒரு கப்பில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடலாம். தண்ணீர் நல்ல ஊடகம் இல்லை, செல்கள் ஊதி வெடிக்கும். ஆனாலும் டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் காயவிட்டுக் கொண்டுவருவதைவிடத் தண்ணீர் மேல். இளநீரில் போடலாமா என்று எங்கள் பக்கத்தில் கேட்காதவர்கள் இல்லை. ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. சிலவற்றில் நன்றாக இருக்கிறது என்றும், வேறு சிலவற்றில் அதன் அமிலத்தன்மை ஆகாது என்றும் வந்திருக்கிறது. பெட்டிக் கடை வரை பால் பாக்கெட் கிடைக்கிறபோது இளநீர்க் கடையைத் தேடி ஓட வேண்டியதில்லை.

ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது என்று பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள். வளருகிற பிள்ளைக்கு அந்தப் பல் சில வருஷம் இடத்தைப் பிடித்து வைத்தாலும் லாபம்தான். டாக்டர் அதைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சுமார் இரண்டு வாரம் கட்டி வைப்பார். வேர் முழுதாக வளர்ந்த பல் என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் ஆரம்பிக்க வேண்டும். மைதானத்து மண்ணில் விழுந்தது என்பதால் டிடி ஊசி எப்போது போட்டது என்றும் கேட்பார்.

பால் பல் விழுந்தால் மட்டும் செருகவே கூடாது. உள்ளே காத்திருக்கிற நிலைப்பல்லின் மொட்டில் போய் இடிக்கும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் சந்தேகமே இல்லை, பால் பல்தான். ஆறிலிருந்து எட்டு வரை இரண்டும் கலந்து இருக்கும். புதிதாக முளைத்த நிலைப்பல் பெரிதாக, லேசான மஞ்சளாக, கடிக்கிற ஓரம் ரம்பம் மாதிரி மூன்று மேடாக இருக்கும். தெரியவில்லையென்றால் பாலில் போட்டு, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள் என்பேன்.

பல் விழாமல் ஆடினாலோ, உள்ளே போயிருந்தாலோ, பின்பக்கம் சாய்ந்திருந்தாலோ அதுவும் அன்றைக்கே. கீழே விழுந்து மோவாயில் அடிபட்ட பிள்ளைக்கு மோவாயைத் தைத்ததோடு விட்டுவிடாதீர்கள். அடி மோவாயில் பட்டாலும் எலும்பு உடைவது காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டில் நடக்கலாம். வாயை மூடச் சொல்லுங்கள். பற்கள் முன்பு மாதிரி ஒன்றோடொன்று பொருந்தவில்லை, காதுக்கு முன்னால் வலிக்கிறது, கீழ் உதடு மரத்திருக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உடைந்த துண்டு எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். விடாமல் இருமினால், மூச்சில் விசில் கேட்டால் அது நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அப்போது உடனே ஆஸ்பத்திரி.

கடலை மிட்டாய்

புவிசார் குறியீடு 2020-இல் கிடைத்தது எங்கள் ஊர் கடலை மிட்டாய்க்கு. அதில் உடைந்த பற்களுக்கும் யாராவது ஒரு பட்டியல் எடுக்கலாம். பெரும்பாலும் ஏற்கெனவே சொத்தையோ பெரிய ஃபில்லிங்கோ உள்ள பல்தான் உடையும். ஓரம் மட்டும் உடைந்து நாக்கைக் கீறுகிறது, குளிர்ந்தது பட்டால் கூசுகிறது என்றால் அவசரம் இல்லை. அடுத்த ஒன்றிரண்டு நாளில் வாருங்கள். உடைந்த இடத்துக்கு நடுவில் ரோஸ் நிறத்தில் புள்ளி தெரிகிறது, பல்லுக்குள்ளிருந்தே ரத்தம் கசிகிறது என்றால் நரம்பு வெளியே வந்துவிட்டது; அன்றைக்கே. முன்பல் துண்டை நனைந்தபடி வைத்துக் கொண்டுவந்தால் பல நேரம் அதையே ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

ரத்தம்

பல் பிடுங்கிய அன்று எச்சில் ரோஸ் நிறமாக வருவது சகஜம். பயப்பட வைப்பது அந்த நிறம்தான், அளவு அல்ல. ஒரு சொட்டு ரத்தம் ஒரு வாய் எச்சிலில் கலந்தால் ரத்த வாந்தி மாதிரி தெரியும். துப்பத் துப்ப உறைந்த கட்டி பெயர்ந்து மறுபடி கசியும். அதனால் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், உறிஞ்சுகுழல் வேண்டாம், பீடி சிகரெட் வேண்டாம். ஈரமாக்கிப் பிழிந்த காஸ் துணியைச் சுருட்டிச் சரியாகக் குழியின்மேல் வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து அரை மணி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்ப்பவர்களுக்கு ரத்தம் நிற்கவே நிற்காது. காஸ் இல்லையென்றால் வெந்நீரில் நனைத்து ஆறவைத்த டீ பேக் உதவும். அதில் இருக்கிற டானின் குழாயைச் சுருக்கும்.

இப்படி இரண்டு முறை முழுசாகக் கடித்தும் வாய் நிறையச் சிவப்பாக ரத்தம் நிரம்பினால், தலை சுற்றினால், எந்த நேரமாக இருந்தாலும் கிளம்புங்கள். எகோஸ்ப்ரின், குளோபிடோக்ரெல், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டு போன் செய்யுங்கள். அந்த மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிட்டு மட்டும் பல் பிடுங்க வராதீர்கள். ஈறு ரத்தத்தைவிட நெஞ்சில் அடைப்பு பெரிய விஷயம்.

ரத்தம் நின்று, எல்லாம் சரியாகி, மூன்றாம் நாள் வாக்கில் காது வரை இழுத்து வலிக்க ஆரம்பித்து வாயும் நாற்றம் எடுத்தால் குழியில் ரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மருந்து வைத்தால் அரை மணியில் அடங்குகிற வலியை எதற்குத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டும்? வந்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு வகைப் போன் வரும். "ரெண்டு நாளா காய்ச்சல், இப்ப விட்டுருச்சு, ஆனா பல்லு வெளக்காமலே ஈறுல ரத்தம் வருது." இதற்குப் பல் டாக்டர் தேவையில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம்; ஈறில் ரத்தம், விடாத வாந்தி, வயிற்று வலி எல்லாம் எச்சரிக்கை அறிகுறிகள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை. வலிக்கென்று புரூஃபனோ (இபுப்ரோஃபென்) ஆஸ்பிரினோ போட்டுவிடக் கூடாது.

பல்லில் இல்லாத பல் வலி

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், கீழ்த்தாடை முழுக்க வலிக்கிறது என்கிறார். எந்தப் பல் என்று காட்டத் தெரியவில்லை. மாடிப்படி ஏறினால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. வேர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, தோளும் கையும் கனக்கிறது. இது இதயம். தாடையில் மட்டும் வலி காட்டி வருகிற மாரடைப்பும் உண்டு, பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் இப்படி வழக்கமில்லாத விதமாக வருவது கூடுதல். 108-ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுங்கள். ஒரு ஈசிஜி சரியாக இருப்பதை மட்டும் வைத்து விட்டுவிடக் கூடாது; இதயம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு பல்லைப் பார்க்கலாம்.

காலை வரை தாட்டுவதற்கு

மேலே சொன்ன எதுவும் இல்லை, வெறும் வலிதான் என்று முடிவாகிவிட்டால் பாராசிட்டமால் 650 ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில். கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், தினமும் குடிக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான். சாப்பிட்ட பிறகு இபுப்ரோஃபென் 400 பல் வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் அல்சர், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமைக்கு மாத்திரை இருந்தால் தொடக் கூடாது. காம்பிஃப்ளாமில் இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது. டோலோவும் பாராசிட்டமால்தான்; அதைப் போட்டுவிட்டு மேலே டோலோவும் போடுகிறவர்கள் ஒரே மருந்தை இரண்டு தடவை போடுகிறார்கள்.

கிராம்பு எண்ணெய் பொய்யில்லை, அதில் இருக்கிற யூஜினால் மரத்துப்போக வைக்கும். துளிப் பஞ்சில் நனைத்துப் பிழிந்து ஓட்டைக்குள் மட்டும் வையுங்கள். ஈறில் பட்டால் வெந்துவிடும். மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்புவது, புகையிலை, சுண்ணாம்பு, கற்பூரம் வைப்பது எல்லாம் புண்ணோடு வருவதற்கு வழி. கண்டங்கத்தரி விதையைப் புகைத்துப் 'புழு' எடுத்துக் காட்டுகிறவர்கள் இன்னும் திருவிழாக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். பல்லில் புழு கிடையாது. தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுத்தால் துடிப்பு குறையும், செலவும் இல்லை.

ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: நரம்பு வலிக்கு அது ஒன்றும் செய்யாது. சீழுக்கும், உள்ளே இருக்கிற காரணத்தை எடுக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் அமுங்கிக் கிடந்து மறுபடி கிளம்பும். தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி நாலு நாள் போட்டதும் அதுதான்.

கழன்ற கேப், விழுந்த ஃபில்லிங், குத்துகிற கிளிப் கம்பி இதற்கெல்லாம் ராத்திரி போன் தேவையில்லை. கேப்பை டப்பாவில் போட்டு வையுங்கள், ஃபெவிக்விக் தடவி ஒட்டாதீர்கள். ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். கொட்டாவி விட்டு வாய் மூட முடியாமல் மாட்டிக்கொண்டால் மட்டும் உடனே வாருங்கள். நேரம் ஆக ஆகத் தசை இறுகித் திரும்பப் போடுவது கஷ்டமாகும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு வலிக்காவிட்டாலும் காட்டுங்கள், வெற்றிலை புகையிலை போடுகிறவர்கள் கட்டாயம்.

கிளம்பும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. சர்க்கரை நோட்டு இருந்தால் அதுவும். எங்களிடம் கிளினிக்குக்கு வருவதென்றால் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டு வாருங்கள். வெறும் வயிற்றோடு ஊசி போட்டு மயங்குகிறவர்களைத் தாங்கிப் பிடிப்பதும் என் வேலைதான். கழுத்து வீக்கம், தாடை முறிவு என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மட்டும் வழியில் டீயோ தண்ணீரோகூடக் குடிக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.